நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராக்கள்: சாலையில் நம் அந்தரங்கம் எதுவரை?

கோட்டக்குப்பம் தமிழ்நாடு. அதை ஒட்டியுள்ள முத்தியால்பேட்டை புதுச்சேரி. கோட்டக்குப்பத்தில் குடியிருந்து நேரு வீதியில் கடை வைத்திருப்பவர் தினமும் இரண்டு அரசுகளின் எல்லையைக் கடக்கிறார். வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் மதகடிப்பட்டுக்குப் போகிறவர் நடுவில் கண்டமங்கலத்தில் தமிழ்நாட்டைத் தொட்டுவிட்டு மறுபடியும் புதுச்சேரிக்குள் வருவார். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லைக்கோடு அப்படி. இதுவரை இந்த எல்லைகளில் நம்மை நிறுத்தியவர்கள் பெரும்பாலும் மது கடத்தலைத் தேடும் போலீஸார்தான். அவர்கள் வண்டியைப் பார்ப்பார்கள், பையைத் தட்டிப் பார்ப்பார்கள், போகச் சொல்வார்கள். ஒரு மணி நேரம் கழித்து யார் எந்த வண்டியில் போனார் என்று அவர்களுக்கே நினைவிருக்காது.

இப்போது நாடெங்கும் சாலைகளுக்கு வந்துகொண்டிருக்கும் கேமராவுக்கு மறதி கிடையாது. நம்பர் பிளேட்டைத் தானே படிக்கும் கேமரா பற்றித்தான் இந்தக் கட்டுரை. சென்னை அண்ணா நகரின் சில சந்திப்புகளில் 2019-இலேயே இது வந்துவிட்டது. புதுச்சேரி 2017 ஜூனில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்க்கப்பட்டது. பட்டியலில் உள்ள 100 நகரங்களிலும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையங்கள் இயங்குவதாக மத்திய அரசு சொல்கிறது. சிக்னல், குப்பை லாரி, தெருவிளக்கு, கண்காணிப்பு கேமரா எல்லாவற்றையும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்ப்பதுதான் அந்த மையங்களின் வேலை. இன்னொரு பக்கம் நம் மாஹே, கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் இடையே கேரளத்தால் சூழப்பட்டிருக்கிறது. கேரள அரசு 2023 ஏப்ரலில் 726 கேமராக்களைத் தொடங்கிவைத்து, ஜூனிலிருந்து அபராதம் போட ஆரம்பித்தது. பி.ஒய். 03 என்று எண் போட்ட வண்டி அந்தச் சாலைகளைத் தொடாமல் எங்கும் போக முடியாது.

இந்தக் கேமரா எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்வோம். வண்டி நெருங்கும்போது கேமரா நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. நம்பர் பிளேட்டின் பளபளப்பான மேற்பரப்பு அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும்; அதனால் இரவிலும் எழுத்துகள் தெளிவாக விழுகின்றன. கணினி அந்தப் படத்திலிருந்து பிளேட்டை மட்டும் வெட்டி எடுத்து, எழுத்தெழுத்தாகப் பிரித்து, படமாக இருந்ததை வெறும் எழுத்தாக மாற்றுகிறது. பிறகு அந்த எண்ணோடு நேரம், இடம், தேதி மூன்றையும் ஒட்டி ஒரு வரியாகச் சேமிக்கிறது. 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட உயர் பாதுகாப்பு எண் பலகை எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி எழுத்து, ஒரே அளவு என்று ஆக்கியதால் கணினிக்கு வேலை இன்னும் எளிது.

படம் எழுத்தாக மாறும் அந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. சாதாரண சிசிடிவி பதிவில் ஒரு குறிப்பிட்ட வண்டியைத் தேட வேண்டுமானால் ஒரு காவலர் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்தச் சிரமமே நமக்கு ஒரு பாதுகாப்பாக இருந்தது. எண் எழுத்தாகிவிட்டால், இந்த வண்டி கடந்த ஆறு மாதத்தில் எங்கெங்கே போனது என்று தட்டினால் போதும், ஒரு நொடியில் பட்டியல் வரும்.

பிரிட்டன் காவல்துறையின் அறிவியல் பிரிவு 1976-இல் இதைக் கண்டுபிடித்தபோது நோக்கம் திருட்டு வண்டிகளைப் பிடிப்பது. அந்த நோக்கத்தை யார் மறுப்பார்? இந்தியச் சாலைகளில் 2022-இல் மட்டும் 1,68,491 பேர் விபத்தில் இறந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியைக் கேமரா கண்டுபிடித்துத் தந்தால் அந்த மய்யித்தின் குடும்பத்துக்கு அது நீதி. ஆகவே கேமராவே கூடாது என்று நான் எழுத வரவில்லை. நம்மவர்கள் சிலர் ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் வண்டியை நட்டநடு வீதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய் முதல் ஸஃப்பில் நிற்கிறார்கள். தொப்பி இருக்கிறது, ஹெல்மெட் எதற்கு என்று கேட்கும் இளைஞர்களும் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் ஹெல்மெட் விஷயத்தில் துணைநிலை ஆளுநர் கிரண் பேடியே சாலையில் இறங்கி வண்டிகளை மறித்ததும், முதல்வர் நாராயணசாமி கறுப்புச் சட்டையோடு ராஜ் நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்ததும் நம்மூர் சரித்திரம். ஆளுநர் நின்று மறிக்க வேண்டிய வேலையை ஒரு கேமரா செய்தால் நல்லதுதான்.

ஆனால் விதியை மீறியவரைப் படம் பிடிக்கும் கேமரா வேறு. விதியை மீறாத எல்லோரையும் குறித்துவைக்கும் கேமரா வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கம்பத்தில் ஒரே பெட்டிதான். உள்ளே ஓடும் மென்பொருளும் அதற்குப் பின்னால் இருக்கும் உத்தரவும்தான் வித்தியாசம். சிவப்பு விளக்கைத் தாண்டியவரின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உடனே அழித்துவிடலாம். அழிக்காமல் ஒரு வருடம் வைத்திருக்கவும் செய்யலாம். பிரிட்டனில் இப்போது பன்னிரண்டு மாதம் வைத்திருக்கிறார்கள்.

வைத்திருந்தால் என்ன, நான் என்ன தப்பா செய்கிறேன் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சாதாரணக் குடும்பத்தின் ஒரு மாதப் பட்டியலை மனதில் எழுதிப் பாருங்கள். நான்கு வெள்ளிக்கிழமை மதியம் ஒரே பள்ளிவாசல் பக்கம். மூன்று செவ்வாய்க்கிழமை காலை கோரிமேடு ஜிப்மர் பக்கம். யாருக்கோ தீராத வியாதி. இரண்டு மாலை ஒரு வக்கீல் அலுவலகத் தெரு. அண்ணன் தம்பி சொத்துத் தகராறோ, மகளின் குலாவோ. ஒரு ஞாயிறு காரைக்கால். பெண் பார்க்கப் போயிருக்கலாம், இன்னும் சொந்தத்துக்கே சொல்லவில்லை. இதில் எதுவும் குற்றமில்லை. ஆனால் எதையும் அடுத்த வீட்டுக்காரரிடம்கூட நாம் சொல்ல மாட்டோம். தனித்தனியாக ஒவ்வொரு இடத்திலும் நம்மை யாரோ பார்த்திருப்பார்கள். மொத்தத்தையும் சேர்த்து ஒருவரும் பார்த்ததில்லை. சேர்த்துப் பார்ப்பதைத்தான் இந்தப் பட்டியல் செய்கிறது.

பர்மிங்ஹாமில் நடந்தது

இந்த விஷயம் நம் சமுதாயத்துக்கு ஏன் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் நடந்ததைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. அங்கே ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் என்று இரண்டு பகுதிகள். பாகிஸ்தான், காஷ்மீர், வங்காளப் பின்னணி கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் வீதிகள். 2010-இல் அந்தப் பகுதிகளைச் சுற்றி 200-க்கும் மேற்பட்ட கேமராக்கள் அமைக்கப்பட்டன. பெரும்பாலானவை நம்பர் பிளேட்டைப் படிப்பவை. அவற்றில் 72 கேமராக்கள் வெளியே தெரியாதபடி மறைத்து வைக்கத் திட்டமிடப்பட்டவை. ஒரு வண்டி அந்தப் பகுதிக்குள் நுழைந்தாலும் பதிவு, வெளியே போனாலும் பதிவு என்று வளையம் போல அமைப்பு.

மக்களிடம் என்ன சொன்னார்கள்? வண்டித் திருட்டு, போதைப்பொருள், ரவுடித்தனம் இவற்றைக் குறைக்க என்றார்கள். யார்தான் வேண்டாம் என்பார்? பிறகு 2010 ஜூனில் கார்டியன் பத்திரிகை உண்மையை வெளியிட்டது. அந்தத் திட்டத்துக்கான 30 லட்சம் பவுண்டு பணம் வந்தது பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து. திட்டத்தின் பெயர் ப்ராஜெக்ட் சாம்பியன். குற்றம் செய்தவர் யார் என்று தெரிந்து அவரைக் கண்காணிக்கவில்லை. ஒரு சமுதாயம் குடியிருக்கும் வீதிகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே போய்வருகிற அத்தனை பேரையும் குறித்துவைக்கத் தயாரானார்கள்.

அந்தப் பகுதியின் நகரமன்ற உறுப்பினர் சல்மா யாகூப் உட்படப் பலர் எதிர்ப்புக் குரல் கொடுத்தார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, அந்த நகரத்தின் வெள்ளையர்களும் சேர்ந்தே போராடினார்கள் என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். முழுமையாக இயங்கத் தொடங்கும் முன்பே கேமராக்களுக்குப் பிளாஸ்டிக் பை போட்டு மூடினார்கள். வேறொரு பகுதிக் காவல்துறையின் தலைவர் சாரா தார்ன்டன் விசாரித்து 2010 செப்டம்பர் இறுதியில் அறிக்கை கொடுத்தார். சட்டத்துக்கு உட்பட்டதா என்று போதிய அளவு யோசிக்கவே இல்லை, மக்களிடம் முறையாகக் கேட்கவில்லை என்று அந்த அறிக்கை கண்டித்தது. மேற்கு மிட்லண்ட்ஸ் காவல்துறைத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். 2011-இல் கேமராக்கள் கழற்றப்பட்டன.

இந்தச் சம்பவத்தில் நான் கவனிக்கச் சொல்வது இரண்டு. ஒன்று, எதிர்ப்பு நாகரிகமாக, ஆதாரத்தோடு, மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு நடந்தது, அதனால் வென்றது. இரண்டாவது, அங்கே யாருக்கும் கேமராவின் இயந்திரத்தைப் பற்றிப் புகார் இல்லை. எங்கே வைக்கிறாய், எதற்கென்று எங்களிடம் சொல்லிவிட்டு எதற்காக வைக்கிறாய் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவிலும் இதே கதை. நியூயார்க் காவல்துறை பள்ளிவாசல்களுக்கு வெளியே நின்ற கார்களின் எண்களைக் குறித்துக்கொண்டதை அசோசியேட்டட் பிரஸ் 2011-இல் வெளிக்கொண்டு வந்தது. தொழுகைக்கு யார் வருகிறார் என்பதே ஒரு கோப்பு ஆகிவிட்டது. வழக்குகள் நடந்து, பல வருடங்கள் கழித்துச் சமரசத்தில் முடிந்தன.

எண்ணிலிருந்து பெயருக்கு

வெறும் எண் தெரிந்தால் என்ன, பெயர் தெரியாதே என்று நினைக்கலாம். நம் நாட்டில் வண்டிகளின் பதிவு விவரம் எல்லாம் வாஹன் என்ற மத்தியத் தரவுத்தளத்தில் இருக்கிறது. ஓட்டுநர் உரிம விவரம் சாரதியில். இந்தத் தரவுகளை மொத்தமாகத் தனியாருக்கு விற்க 2019-இல் மத்திய அரசு ஒரு கொள்கையே வகுத்தது. 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் அனுமதி கொடுத்ததில் 65 கோடி ரூபாய் வருவாய் வந்தது என்று அமைச்சர் நிதின் கட்கரி அந்த ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். நாம் வண்டி வாங்கும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கட்டாயத்தின் பேரில் கொடுத்த விவரம் அது. அமானிதமாகக் கொடுத்ததை விற்றுக் காசாக்கினார்கள்.

2020 பிப்ரவரியில் வடகிழக்கு டெல்லியில் கலவரம் நடந்தபோது, ஒரு வண்டியின் எண்ணைக் கைப்பேசியில் தட்டினால் உரிமையாளரின் பெயர் வந்துவிடுகிறதே, பெயரைப் பார்த்தால் மதம் தெரிந்துவிடுமே என்ற கேள்வியைத் தனியுரிமை அமைப்புகள் எழுப்பின. கலவரக்காரன் கையில் ஒரு பட்டியல் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை இந்த நாட்டில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆண்டிலேயே விற்பனைக் கொள்கையை அரசு கைவிட்டது. தவறாகப் பயன்படும் வாய்ப்பையும் அந்தரங்கத்தையும் காரணமாகச் சொன்னது. நல்லது. ஆனால் அதற்குள் வாங்கியவர்கள் வாங்கிவிட்டார்கள்.

பட்டியல் கையில் உள்ளவர் கெட்டவராக இருந்தால் பெண்களுக்குத்தான் முதல் ஆபத்து. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூரின் காவல்துறைத் தலைவரே, தன்னை விட்டுப் பிரிந்த பெண்ணையும் அவருடைய புதிய நண்பரையும் இந்தக் கேமரா வலையில் 200-க்கும் மேற்பட்ட தடவை தேடியது 2024-இல் அம்பலமானது. இன்று நம் வீட்டுப் பெண்கள் ஸ்கூட்டியில் கல்லூரிக்கும் வேலைக்கும் போய்வருகிறார்கள். அவர்கள் எந்த நேரத்தில் எந்தச் சாலையில் தனியாகப் போவார்கள் என்ற விவரம் எங்கோ ஒரு கணினியில் இருக்கிறது என்றால், அதைத் திறக்கும் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்பது வாப்பாமார்களின் உரிமை.

கேரளத்தில் 2023-இல் நடந்தது இன்னொரு வகை. ஸ்கூட்டரின் ஆர்.சி. மனைவியின் பெயரில். கணவர் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினார், பின்னால் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தார். கேமரா எடுத்த படம் சலானோடு மனைவியின் கைப்பேசிக்குப் போய்விட்டது. லிஃப்ட் கொடுத்தேன் என்று கணவர் சொல்ல, சண்டை முற்றி, தன்னையும் குழந்தையையும் அடித்தார் என்று மனைவி புகார் கொடுக்க, கணவர் கைதானார். வாட்ஸப்பில் இதைச் சிரிப்புச் செய்தியாகச் சுற்றவிட்டார்கள். அடித்தது குற்றம், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் ஹெல்மெட் போடாததற்கு ஆதாரம் வேண்டுமென்றால் ஓட்டியவரின் தலையும் நம்பர் பிளேட்டும் போதுமே. பின்னால் இருந்தவரின் முகம் எதற்கு? அதை மங்கலாக்கி அனுப்ப ஒரு உத்தரவு போதும்.

கேமராவும் தவறாகப் படிக்கும். 2021-இல் இங்கிலாந்தில் ஒரு தம்பதிக்கு, அவர்கள் போகவே போகாத பாத் நகரத்தின் பேருந்துப் பாதையில் ஓட்டியதாக அபராதம் வந்தது. படத்தை வாங்கிப் பார்த்தால் அதில் காரே இல்லை. நடந்து போன ஒரு பெண்ணின் சட்டையில் ஆங்கிலத்தில் பின்னல்காரி என்று அச்சிட்டிருந்ததை நம்பர் பிளேட் என்று கேமரா எடுத்துக்கொண்டது! இது சிரிக்கக்கூடியது. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரோரா நகரில் நடந்தது அப்படியல்ல. ஒரு கறுப்பினக் குடும்பத்தின் காரைத் திருட்டு வண்டி என்று கணினி காட்டியது. உண்மையில் அதே எண்ணில் திருடுபோனது வேறு மாநிலத்து மோட்டார் சைக்கிள். போலீஸார் துப்பாக்கி நீட்டி, ஆறு வயதுக் குழந்தை உட்பட எல்லோரையும் தரையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். நகர நிர்வாகம் 19 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. கணினி சொன்னதை ஒரு மனிதர் கண்ணால் சரிபார்த்திருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய வழக்கு ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் கொள்ளை வழக்கில் ஆதாரமில்லை என்று விடுவிக்கப்பட்டவர். இருந்தும் போலீஸார் அவர் பெயரில் ஏடு திறந்து, இரவில் கதவைத் தட்டி, ஊரை விட்டு எங்கே போகிறார் எப்போது வருகிறார் என்று எழுதிவந்தார்கள். 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் இரவில் வீட்டுக்கு வருவதை மட்டும் தடுத்தார்கள். நடமாட்டத்தைக் குறித்துவைப்பது உரிமை மீறல் அல்ல என்றார்கள். நீதிபதி சுப்பாராவ் ஒப்புக்கொள்ளவில்லை. தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று அறிந்து நடப்பவன் சுதந்திரமாக நடக்கிறான் என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். 55 வருடம் கழித்து, 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அதற்கு முரணான பழைய தீர்ப்புகள் செல்லாமல் போயின. அரசு நம் அந்தரங்கத்தில் கைவைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக்கூடாது.

இந்த அளவுகோலை கேமராவின் மேல் வைத்துப் பாருங்கள். அபராதம் போடுவதற்குச் சட்டம் இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-ஏ பிரிவும், 2021 ஆகஸ்டில் வந்த 167-ஏ விதியும் அதற்குத்தான். அந்த விதியைப் படித்தால் நமக்குச் சாதகமான பல அம்சங்கள் தெரியும். கருவிக்கு அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும், அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். முன்னால் கேமரா இருக்கிறது என்று பளிச்சென எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றும் அது கூறியது. எந்தெந்தக் குற்றத்துக்குப் பதிவைப் பயன்படுத்தலாம் என்ற பட்டியலும் உண்டு: வேகம், ஹெல்மெட், சீட் பெல்ட், சிக்னல், கைப்பேசி இப்படி. விதியை மீறாதவரின் நடமாட்டத்தை மாதக்கணக்கில் சேமிக்கலாம் என்று அந்தப் பட்டியலில் இல்லை.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். கடைக்காரருக்கும் செயலி நிறுவனத்துக்கும் அது கடிவாளம்தான். ஆனால் குற்றத்தைத் தடுக்க, விசாரிக்க என்று வரும்போது 17-ஆவது பிரிவு பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு தருகிறது. போதாதென்று எந்த அரசு அமைப்புக்கு வேண்டுமானாலும் மத்திய அரசு அறிவிக்கை மூலம் முழு விலக்கு அளிக்கலாம். பூட்டும் சாவியும் ஒரே கையில்.

வெளிநாட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால் நமக்குப் பக்கத்து உதாரணம் பிரான்ஸ். காரைக்காலிலும் நம்மூரிலும் பிள்ளைகள் அங்கே இருக்கும் குடும்பங்கள் ஏராளம். பிரான்சில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கேமராக்களை அனுமதித்தபோதே, தேடப்படும் பட்டியலில் இல்லாத வண்டியின் விவரத்தை எட்டு நாளுக்கு மேல் வைக்கக்கூடாது என்று வரம்பு போட்டது. 2017-இல் அது பதினைந்து நாள் ஆனது. எட்டோ பதினைந்தோ, ஒரு எண் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஜெர்மனி இன்னும் கண்டிப்பு. அதன் அரசியல் சாசன நீதிமன்றம் 2008-இல் இரண்டு மாநிலங்களின் சட்டத்தையே ரத்து செய்தது. 2018-இல் ஒரு படி மேலே போய், பொருத்தமில்லை என்று உடனே அழித்தாலும்கூட, எல்லோருடைய எண்ணையும் படித்துப் பார்ப்பதே உரிமையில் தலையிடுவதுதான், அதற்குத் தக்க காரணம் வேண்டும் என்றது.

மார்க்க நோக்கில் ஒரு வார்த்தை. சாலை பொது இடம், அங்கே என்ன அந்தரங்கம் என்று நம்மவர்களே கேட்கிறார்கள். வீதிகளில் அமர்ந்தே ஆக வேண்டுமென்றால் வீதிக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் சொன்னபோது, அந்த உரிமைகளில் பார்வையைத் தாழ்த்துவதையும் சேர்த்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் இது. பொது இடம் என்பதற்காகப் பார்வைக்கு வரம்பில்லாமல் போய்விடவில்லை. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆவது வசனம் பிறர் விவகாரங்களைத் துருவுவதை விலக்குகிறது. ஆட்சியாளருக்கு இது பொருந்துமா என்றால், ஹிஜ்ரி 450-இல் மறைந்த ஷாஃபிஈ சட்ட மேதை இமாம் மாவர்தி, அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யாவில் சந்தையையும் வீதியையும் கண்காணிக்கும் முஹ்தஸிபின் அதிகாரத்தை விரிவாக எழுதியிருக்கிறார். வெளிப்படையாக நடக்கும் தவறைத் தடுப்பது அவர் கடமை. மறைந்திருப்பதைத் தேடி உளவு பார்க்க அவருக்கு உரிமையில்லை. கொலை போன்ற, பிறகு சரிசெய்யவே முடியாத தீங்கு நடக்கப்போகிறது என்று நம்பகமான தகவல் வந்தால் மட்டும் விதிவிலக்கு. சிவப்பு விளக்கைத் தாண்டியவரைப் பிடிப்பது முதல் வகை. எல்லோர் நடமாட்டத்தையும் எழுதிவைத்து, பிறகு அதில் தேடுவது இரண்டாவது வகை. நம் உச்ச நீதிமன்றம் 2017-இல் கேட்ட கேள்விக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

இதே அளவுகோல் நமக்கும் உண்டு. திருட்டு பயத்தில் பல ஜமாஅத்துகள் பள்ளிவாசலிலும் வீதி முனையிலும் கேமரா வைத்திருக்கின்றன. செருப்பு வைக்கும் இடத்தையும் உண்டியலையும் பார்ப்பது சரி. எதிர் வீட்டு வாசலையும் பெண்கள் மதரஸாவுக்குப் போகும் சந்தையும் பார்க்கும்படி ஏன் திருப்பி வைக்க வேண்டும்? பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம் என்று நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு எழுதிவைத்த ஜமாஅத்துகள் எத்தனை? செயலாளரின் மகன் கைப்பேசியில் நேரலை ஓடிக்கொண்டிருந்தால், அரசைக் கேள்வி கேட்கும் தகுதி நமக்குக் குறைந்துவிடும்.

இனி ஒவ்வொரு குடும்பமும் செய்ய வேண்டியவை. வண்டியை விற்றால் அன்றே பெயர் மாற்றத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளிலும், வேறு மாநிலம் என்றால் 45 நாளிலும் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு. பி.ஒய். 01 வண்டியைக் கோட்டக்குப்பத்தில் விற்றால் அது வேறு மாநிலம்தான், மறக்க வேண்டாம். பெயர் மாறாத வண்டி எங்கே போனாலும் கேமராவுக்கு அது நீங்கள்தான். ஆர்.சி.யில் உங்கள் சரியான கைப்பேசி எண் இருக்கட்டும். சலான் வந்தால் படத்தைத் திறந்து எண், இடம், நேரம் மூன்றையும் பாருங்கள்; தவறென்றால் பரிவாகன் சலான் தளத்தில் புகார் செய்ய வழி இருக்கிறது. வாட்ஸப்பில் சலான் என்று சொல்லி ஏ.பி.கே. கோப்பு வந்தால் தொடவே தொடாதீர்கள். அது வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடி. எண் பலகையை வளைத்தோ, சேறு பூசியோ, எழுத்தை அழகுபடுத்தியோ கேமராவை ஏமாற்றலாம் என்று நினைக்கும் தம்பிகளுக்கு: அது குற்றம். நாளை வேறு ஏதாவது சம்பவத்தில் அந்த வண்டி சிக்கினால், மறைத்தது ஏன் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

ஜமாஅத் அளவில் செய்ய வேண்டியது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராக்கள் எத்தனை, எந்தெந்த இடங்களில், எந்த அடிப்படையில் அந்த இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன, எந்த நிதியிலிருந்து வாங்கப்பட்டன என்று கேளுங்கள். பர்மிங்ஹாமில் உண்மையைக் காட்டிக்கொடுத்தது அந்த நிதிக் கேள்விதான். விதிமீறல் இல்லாத வண்டியின் பதிவு எத்தனை நாள் வைக்கப்படுகிறது, அழிக்கப்பட்டதற்குச் சான்று உண்டா, எந்தப் பதவியில் உள்ளவர் தேடலாம், தேடியவர் யார் என்று பதிவாகிறதா, பராமரிக்கும் தனியார் நிறுவனத்துக்குத் தரவு போகிறதா, கருவிகளின் அங்கீகாரச் சான்று நடப்பில் உள்ளதா என்பனவற்றையும் சேருங்கள். ரகசியம் என்று மறுத்தால் முதல் மேல்முறையீடு செய்யலாம். தனி ஒருவராகக் கேட்பதைவிட, அந்த வீதியின் கோயில் கமிட்டி, வணிகர் சங்கம், தேவாலயப் பங்குப் பேரவை இவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்பது நல்லது; கேமராவுக்கு எல்லோருடைய எண்ணும் ஒன்றுதான். கோட்டக்குப்பத்துக்காரர்கள் இரண்டு மனு போட வேண்டியிருக்கும், புதுச்சேரி போலீஸுக்கு ஒன்று, விழுப்புரம் மாவட்டக் காவல்துறைக்கு ஒன்று.